ஜாம் ஜாடிக் கல்

சூரியனுக்கே மூத்த ஒரு ஆசாமியை, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துக் கொடுத்ததாக ஆப்ரி டக்வெல் கரூலா மதுக்கடையில் அறிவித்தபோது, அங்கிருந்த பதினேழு பேரும் ஒரே நேரத்தில் டல்சி மலோனியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கத்தானே வேண்டும். ஆப்ரி முப்பத்தொரு வருஷம் கால்நடை இன்ஸ்பெக்டராக இருந்து, திருட்டு மாடுகளின் சூட்டுக்குறியைப் படித்தே பாதி விக்டோரியா மாநிலத்தைச் சிறைக்கு அனுப்பியவர். அப்படித்தான் அவர் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு துப்பறிகிறார். அவருடைய மூக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்து மூன்று நிமிஷம் கழித்துத்தான் மீதி ஆப்ரி உள்ளே வருவார், அவ்வளவு நீளம். அவருடைய பெருமைகள் அதைவிட நீளம்.

டல்சி இருபத்தெட்டு வருஷம் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்தவள். கரூலாவில் யார் எதைச் சொன்னாலும் முதலில் அவள் காதுக்குள் போய்த்தான் அடுத்தவர் காதுக்குப் போகும். தானியங்கி எந்திரம் வந்து அவளை வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து ஆப்ரிக்கு உதவியாளர். வேலை இரண்டு: வண்டி ஓட்டுவது, ஆப்ரி ஊதும் பலூன்களில் ஊசி குத்துவது. இதுவரை ஆயிரத்து நூற்றுப் பதிமூன்று பலூன்கள் போயிருக்கின்றன.

"சொல்லு டல்ஸ். நடந்துச்சா இல்லையா?" என்றான் கடைக்காரன்.

டல்சி ஒரு மடக்குக் குடித்தாள். "இவர் சொல்றதை நம்பணும்னா நான் இன்னும் நாலு கிளாஸ் குடிக்கணும்."

கடை சிரித்தது. ஆப்ரி சண்டைக்கு வரவில்லை. அதுதான் அதிசயம். தன் கிளாஸைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார், அவ்வளவே.

அவர் ஏன் சும்மா இருந்தார் என்பதற்கு மூன்று நாள் பின்னால் போக வேண்டும்.

*

புதன்கிழமை காலை டாக்டர் ஐரீன் வார்லோ ஆப்ரியின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். மெல்போர்னில் ரசாயன ஆராய்ச்சி செய்பவள். முப்பத்து நாலு வயது. கையில் ஒரு காகிதம். அதை ஆயிரம் முறை மடித்துப் பிரித்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது," என்றாள். "அதுக்குள்ள நான் கல்லைக் கொண்டுபோகலேன்னா, அஞ்சு வருஷமா நான் பொய் சொன்னேன்னு முடிவு பண்ணிடுவாங்க. வேலை போகட்டும். நான் சொன்னது பொய்யாயிடும். அதைத்தான் தாங்க முடியல."

"எந்தக் கல்?" என்றார் ஆப்ரி, கரூலாவில் இன்னொரு கல் இருப்பதைப் போல.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு வெளியே வந்த ஊரின் தலைக்கு மேலே வானம் வெடித்தது. கருப்புக் கற்கள் விழுந்தன. ஊர் முழுக்க ஸ்பிரிட் அடுப்பு வாசனை. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டார்கள், கணப்பு மேல் வைத்தார்கள், கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் நக்கிப் பார்த்துவிட்டு உப்புப் போதாது என்றார். (அது யார் என்று ஆப்ரி இன்றுவரை சொல்லவில்லை.)

அதனால் அந்தக் கற்களில் எதைக் கண்டுபிடித்தாலும், "அது உங்க ஊர்க்காரன் விரல் அழுக்கு" என்று பேராசிரியர்கள் தள்ளிவிட்டார்கள். ஒரு கல் மட்டும் தப்பியது. ஊருக்கு வெளியே, மண்சாலையின் கடைசியில், தனியாக மாடு வைத்துப் பிழைக்கும் வின்னி ஸ்டோடார்ட்டின் தொழுவக் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது அது. வின்னி அப்போது ஜாம் கிளறிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பிளம் பிசின். அதனால் கல்லைச் சர்க்கரை இடுக்கியால் எடுத்து, ஜாமுக்காகக் கொதிநீரில் வேகவைத்திருந்த ஜாடியில் போட்டு, மூடி, ஃபிரீசரில் வைத்தாள். உலகத்தின் பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்குத் தோன்றாதது ஜாம் போடுகிறவளின் கைப்பழக்கத்துக்குத் தோன்றியது. மனிதக் கை படாத ஒரே கல்.

"மாசாமாசம் முதல் வியாழக்கிழமை போவேன்," என்றாள் ஐரீன். "வின்னியே ஜாடியைத் திறந்து இடுக்கியால ஒரு துணுக்கு எடுத்துத் தருவாங்க. நான் தொடக்கூட மாட்டேன். அதுக்குள்ள அமினோ அமிலம் இருந்துச்சு. நம்ம உடம்பு எதால ஆனதோ, அதோட செங்கல்."

"வானத்துல யாரு செங்கல் சூளை வச்சிருக்கா?" என்றாள் டல்சி.

"யாரும் வைக்கல. தானா ஆகுது. அதுதான் விஷயமே. பூமியில உயிர் வர்றதுக்கு முன்னாடி இந்த மாதிரிக் கல்லுங்க மழையா விழுந்து, குட்டையில ஊறி, அதுலேருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சிருக்கலாம். நீங்க, நான், பசு மாடு."

"ஆப்ரியும்?"

"அவரும்."

"அப்போ சில கல் கொஞ்சம் மட்டமான சரக்கு."

ஆப்ரி அதைக் காதில் வாங்கவில்லை. "அது வானத்துலேருந்து வந்ததுதான்னு எப்படித் தெரியும்?"

ஐரீன் தன் கம்பளிக் கையுறைகள் இரண்டையும் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "இதே மாதிரி, அந்த அமிலத்துல இடது கை, வலது கைன்னு ரெண்டு அச்சு உண்டு. உயிருள்ளது எதுவா இருந்தாலும் இடது கையை மட்டும்தான் எடுத்துக்கும். வானத்துக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது, ரெண்டும் சரிபாதி. அஞ்சு வருஷமா எனக்குச் சரிபாதிதான் வந்துச்சு." காகிதத்தைத் தள்ளினாள். "போன மாசம் எடுத்த துணுக்கு. மொத்தமும் இடது."

"அப்போ அது வானத்துக் கல் இல்ல."

"இல்ல. யாரோ மாத்திட்டாங்க. கருகின ஏதோ ஒண்ணு. உள்ள சர்க்கரை, மாட்டுக் கொழுப்பு, திராட்சைப் புளிப்பு. எங்க பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, 'ஆராய்ச்சி பண்ணச் சொன்னா நீ மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்திருக்கே'ன்னார். பழைய முடிவெல்லாம் நானே கலந்து செஞ்சதுன்னு அவர் நினைக்கிறார்."

ஆப்ரியின் மூக்கு மெல்ல உயர்ந்தது. சூறாவளிக்கு முன் காற்றாடி திரும்புவது போல அது வடக்கே திரும்பியது என்று டல்சி பிற்பாடு ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

"வண்டியை எடு," என்றார்.

*

ஐரீன் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வின்னி வீட்டுக்குப் போகும் சாலை ஒன்பது மைல். அதில் தூசி எழுந்தால், இன்னும் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு அரை நாள் காற்றில் நின்றுவிட்டுத்தான் இறங்கும். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

"பால் டேங்கர் டிரைவர்," என்றாள் டல்சி. "அவன்தான். தினம் காலையில அங்க போறான். கல்லுக்கு விலை கொடுக்கிற வியாபாரிங்க ஆறு வருஷமா இந்தப் பக்கம் சுத்துறாங்க."

"அவன் டேங்கரை விட்டு இறங்கறதே இல்ல. அவ்வளவு தொந்தி. குழாயை மாட்டறதுக்கே பெருமூச்சு விடுவான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டல்ஸ், நான் ஒரு தொந்தியைப் பார்த்து அதோட பத்து வருஷ எதிர்காலத்தையே சொல்லுவேன்."

"ஆயிரத்து நூத்துப் பதிமூணு," என்றாள் டல்சி.

முற்றத்தில் இறங்கியதும் யூகலிப்டஸ் மரத்திலிருந்து ஒரு மேக்பை பறவை ஆப்ரியின் மண்டையைக் குறிவைத்துப் பாய்ந்தது. அக்டோபர் மாதம், குஞ்சு பொரித்திருக்கும். ஆப்ரி இதற்கென்றே வண்டியில் வைத்திருக்கும் ஐஸ்கிரீம் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வாளியின் பின்பக்கம், பின்னாலிருந்து பாயும் பறவையை மிரட்ட, இரண்டு பெரிய கண்கள் வரைந்திருந்தன. கொக்கிக் கதவைத் திறந்த வின்னி அந்தக் கோலத்தைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அவளுக்கு அறுபத்தேழு வயது. தோல் காய்ந்து, கண் மட்டும் ஈரமாக இருக்கும் பெண்.

"நாளைக்குத்தானே வியாழன்," என்றாள் ஐரீனிடம். அதற்குள் அவள் கை இன்னும் மூன்று கோப்பைகளை எடுக்கப் போய்விட்டது.

சமையலறை சுத்தமாக இருந்தது. யாரும் கலைக்காத சுத்தம். ஒரு சுவரில் நீல ரிப்பன்கள், வேளாண் கண்காட்சியில் புட்டிங்குக்கு வாங்கிய முதல் பரிசுகள், பதினாலு. பக்கத்தில் நாள்காட்டி. சாமான் அறைக் கதவு திறந்தே கிடந்தது. உத்தரத்தில், உலர்பழ மாவைக் காடாத் துணியில் பந்தாகக் கட்டி அவிக்கும் கிறிஸ்துமஸ் புட்டிங் ஒன்று தொங்கியது. அங்கே யாரும் அதை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நாலு மாதம் முன்பே வேகவைத்துத் தொங்கவிட்டு ஊறவிடாத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது.

ஆப்ரி வாளியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். வின்னி டீ ஊற்றினாள். ஐரீன் விஷயத்தைச் சொன்னாள். ஜாடியில் இருப்பது கல் அல்ல, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று.

வின்னி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படியா," என்றாள்.

"இங்க யாரெல்லாம் வர்றாங்க?" என்றாள் டல்சி.

"காலையில டேங்கர். ஹாரன் அடிப்பான், போயிடுவான். மாசத்துக்கு ஒரு தடவை இந்தப் பொண்ணு. அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்தாள். "போன வருஷம் ஒரு பைபிள் விக்கிறவர் வழி தப்பி வந்தார். நல்ல மனுஷன். ரெண்டு கப் குடிச்சார்."

டல்சி ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். நாள்காட்டியைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழனைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம். அக்டோபரிலும் வட்டம். அடுத்த தாளைக் காற்று தூக்கியது: நவம்பர் வெள்ளையாக இருந்தது. டிசம்பரும்.

எக்ஸ்சேஞ்சை மூடிய மறுநாள் காலை தன் வீட்டில் எப்படி இருந்தது என்று டல்சிக்கு நினைவு வந்தது. காதில் மாட்ட ஒன்றுமில்லாமல் ஒன்பது மணி வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வின்னி," என்றார் ஆப்ரி சாவகாசமாக. "டீயோட ஒரு துண்டு புட்டிங் வெட்டுங்களேன்."

"அது கிறிஸ்துமஸுக்கு."

"பத்தொன்பது வருஷம் நான் கண்காட்சியில சமையல் கூடாரத்து நடுவர். நீங்க எனக்கு எதையும் இல்லேன்னதே கிடையாது."

"இந்த வருஷம் இல்ல, ஆப்ரி."

"சரி. எத்தனை மணி நேரம் வேகவச்சீங்க?"

"ஆறு. எப்பவும் போல."

"அப்புறம் துணி ஏன் தேவாலயத்து மேஜை விரிப்பு மாதிரி இருக்கு?"

டல்சி நிமிர்ந்து பார்த்தாள். அவளும் புட்டிங் செய்கிறவள்தான். ஆறு மணி நேரம் கொதித்த துணி டீக்கறை நிறத்துக்கு வந்துவிடும். திராட்சையும் கொழுப்பும் ஊறித் தோல் மாதிரி விறைத்துவிடும். அது தொங்கியது வெள்ளை வெளேர் என்று. இங்கே பிறந்து வளர்ந்த எவளும் அப்படி ஒரு துணியைத் தொங்கவிட மாட்டாள், உள்ளே புட்டிங் இருந்தால்.

"சர்க்கரை, மாட்டுக் கொழுப்பு, திராட்சை," என்றார் ஆப்ரி. "டாக்டரம்மா, உங்க பேராசிரியர் சரியாத்தான் சொன்னார். நீங்க கொண்டுபோனது சாப்பாடுதான். கல் இருக்க வேண்டிய இடத்துல புட்டிங் இருந்தா, புட்டிங் இருக்க வேண்டிய இடத்துல என்ன இருக்கும்?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தவள் வின்னி. முக்காலி போட்டு ஏறி, முடிச்சை அவிழ்த்து, துணிப் பொதியைக் குழந்தையை இறக்குவது போல இறக்கினாள். காடாத் துணிக்குள் கந்தல் துணிகள். கந்தலுக்குள் மூடி இறுக்கிய சின்ன ஜாம் ஜாடி. ஜாடிக்குள் முஷ்டி அளவில், கரியை விடக் கருப்பாக, அந்த ஆசாமி.

"ஜாடியை வேகவச்சுட்டுத்தான் போட்டேன்," என்றாள் வின்னி. "இடுக்கியாலதான். கை படலே. சத்தியமா."

ஐரீன் வின்னியின் பக்கம் திரும்பினாள். "ஏன்?"

வின்னி ஏப்ரன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஐரீன் கையெழுத்து. அக்டோபரில் கல்லை முழுசாக நகரத்துக்குக் கொண்டுபோகிறோம், இனிமேல் மாதாமாதம் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது, என்று மரியாதையாக எழுதியிருந்தாள்.

"அது வந்த அன்னிக்கு புட்டிங் அடுப்புல இருந்துச்சு. படியில உட்கார்ந்து படிச்சேன். திரும்பப் படிச்சேன். தண்ணி வத்தினதே தெரியல. பானையே கருகிப் போச்சு. நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் புட்டிங்கைக் கருக விட்டதில்ல." நீல ரிப்பன்களைப் பார்த்தாள். "சுரண்டி எடுத்தா, பார்க்க அச்சு அசலா கல்லு மாதிரியே இருந்துச்சு. சோதனையில ஏதாவது குழப்பம் வந்தா நீ மறுபடி வந்து பார்ப்பே, மறுபடி மறுபடி வருவேன்னு நினைச்சேன் பொண்ணே. உன் வேலைக்கு ஆபத்து வரும்னு தோணலே. தோணியிருந்தா அன்னிக்கே இறக்கியிருப்பேன்."

"தொந்தரவுன்னு நான் எழுதினது..." என்றாள் ஐரீன்.

"நீதான் சொன்னே. அதுக்குள்ள சூரியனுக்கும் முந்தின தூசி இருக்குன்னு. நானூத்தம்பது கோடி வருஷம் அது இருட்டுல தனியாவே சுத்திச்சுன்னு. உள்ளுக்குள்ள உயிருக்கு வேண்டிய சாமானெல்லாம் வச்சுக்கிட்டு, ஒரு இடத்துலயும் இறங்காம." வின்னி ஜாடியின் மூடியைத் துணியால் துடைத்தாள். "அதைக் கேட்டப்போ, சரி, நமக்கு ஒன்பது மைல்தானேன்னு நினைச்சுக்குவேன்."

டல்சி கையை நீட்டி ஆப்ரியின் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐரீன் ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கமிட்டியில, ஜாடியை நான்தான் மாத்தி எடுத்துட்டேன்னு சொல்லிடறேன். திட்டுவாங்க. திட்டட்டும். புதுத் துணுக்கு அவங்க கண்ணு முன்னாடியே பேசும். வின்னி பேரு வராது."

"என் மூலமாவும் வராது," என்றார் ஆப்ரி.

"உன் மூலமாவா?" என்றாள் டல்சி. "நீ சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஊர் முழுக்கத் தண்டோரா போடுவே."

"போடுவேன். ஆனா நான் சொன்னா எவன் நம்புவான்?"

*

அதனால்தான் மதுக்கடையில் அன்று சண்டை வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொட்டு கலப்படமில்லாத உண்மையை ஆப்ரி சொன்னார். அதை எல்லாரும் பொய் என்று சிரித்தால்தான் எங்கே, யார் வீட்டில் என்று எவனும் கேட்க மாட்டான். டல்சியும் அதற்கு ஊசி குத்திக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மாலை அவளுக்கு மெல்போர்னிலிருந்து ஒரு ட்ரங்க் கால் வந்திருந்தது. மறுமுனையில் ஐரீன் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "சரிபாதி." அதற்குப் பிறகு இருவரும் சும்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிஷக் கட்டணம் வீண்.

நவம்பர் முதல் வியாழன். ஐரீன் தன் கல்லின் கதையைச் சொல்ல அமெரிக்காவுக்கு விமானம் ஏறியிருந்தாள். டல்சி தனியாக ஒன்பது மைல் ஓட்டிப் போனாள். மேக்பை அவளைச் சீண்டவில்லை. குஞ்சுகள் பறந்துவிட்டன போலும்.

வின்னியின் மேஜையில் இரண்டு கோப்பைகள் இருந்தன.

"யாருக்கு?" என்றாள் டல்சி.

"யாருக்கும் இல்ல. கை பழகிப் போச்சு." வின்னி அவளுக்குப் பின்னால் முற்றத்தைப் பார்த்தாள். வண்டியில் வேறு யாரும் இல்லை. "எதுக்கு வந்தே? இங்க இப்போ கல்லு இல்லியே."

"கல்லுக்கு வரல. எங்க வீட்டுல டீத்தூள் தீர்ந்து போச்சு."

வின்னி டீ ஊற்றினாள். சாமான் அறையில் புதிதாக ஒரு புட்டிங் தொங்கியது, டீக்கறை நிறத்தில். இந்த வருஷம் தாமதம், சரியாக ஊறாது. இருந்தாலும் தொங்கியது.

"டேங்கர்காரன் இன்னிக்கு இறங்கி வந்து சொன்னான்," என்றாள் வின்னி. "ஆப்ரி கடையில பெருமை அடிச்சாராமே. சூரியனுக்கு மூத்தவனை உட்கார்ந்த இடத்துலேருந்தே பிடிச்சேன், டீ ஆறறதுக்குள்ளன்னு. ஊரே சிரிச்சுதாம். நீயும் இல்லேன்னுட்டியாம்."

"அங்க இல்லேன்னேன்."

"இங்க?"

டல்சி கோப்பையை எடுத்தாள். ஆயிரத்து நூற்றுப் பதிமூன்று பலூன்களில் ஊசி குத்திய விரல்கள் அதைச் சுற்றிக்கொண்டன.

"மனுஷன் எழுந்திருக்கவே இல்ல, வின்னி," என்றாள். "நீங்க ஜாடியை இறக்கினப்புறம் நான் அவரோட கப்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடாத்தான் இருந்துச்சு."